குளிர்காலத்தை மூடாத மனிதர்

அவருடைய பெயரை நான் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. அயர்லாந்துப் பெயர். நாக்கை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாது. பிழையாகச் சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவது மரியாதை என்று நினைத்துப் பத்துக் குளிர்காலமும் "மிஸ்டர்" என்றே கூப்பிட்டேன். அவரும் என்னை "மிசிஸ்" என்றே கூப்பிட்டார். அதனால் இங்கேயும் பெயர் இல்லை. அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் என் காதில் அது எங்கள் பேச்சாகத்தான் நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

தெற்கு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் லோண்டரியில் இருவரும் வேலை செய்தோம். அது நிலத்துக்குக் கீழே இருந்தது. சன்னல் கிடையாது. கட்டில் விரிப்புகள் மூடை மூடையாக மேலேயிருந்து வரும். தோய்த்து, சூடான பெரிய உருளைக்குள் விட்டால் மறுபக்கம் தட்டையாக வெளியே வரும். வந்ததை இரண்டு பேர் நின்று மடிக்க வேண்டும். இந்த இரண்டு மூலை ஒருவருக்கு, அந்த இரண்டு மூலை மற்றவருக்கு. கிட்ட வந்து கொடுத்து, விலகி, மறுபடி கிட்ட வந்து கொடுத்து. எனக்கு எதிர்மூலை பிடித்தவர் அவர். இப்போது நினைத்தாலும் ஒரு வெள்ளை விரிப்புக்கு மேலேதான் அவருடைய முகம் வருகிறது. பெரிய காது. ஒரு காலத்தில் செம்பட்டையாக இருந்து, பிறகு என்ன நிறமென்று முடிவுசெய்யாமல் விட்ட தலைமயிர்.

நான் ஊரில் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். ஆனால் கையெழுத்துக் கேட்ட இடத்தில் பெருவிரல் வைத்தது கிடையாது. எண்பத்தைந்தில் மகளோடு லண்டன் வந்தபோது எனக்கு ஆங்கிலத்தில் தெரிந்தது "தாங்க் யூ" ஒன்றுதான். அதையும் காரணமில்லாமல் யாருக்கும் சொன்னதில்லை.

அவரிடம் கதைகள் இருந்தன. அவருடைய நாட்டில் மிகப் பழைய காலத்தில் ஒரு படை இருந்ததாம். ஒரு தலைவன், அவனோடு திரிந்த இளந்தாரிகள். கோடை முழுக்கக் காட்டில் வேட்டை. குளிர் தொடங்கினால் ஊருக்குள் வந்து, வீட்டுக்கு இத்தனை பேர் என்று தங்குவார்கள். சனம் சாப்பாடு கொடுக்க வேண்டும். கடலால் எதிரி வந்தால் இவர்கள் போய் அடிபடுவார்கள். அந்தப் படையைப் பற்றி மட்டும் அவரிடம் முப்பது கதைக்கு மேல் இருந்தது. எல்லாம் தகப்பன் சொல்லக் கேட்டது. ஒன்றையும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் தலை சோம்பல்படும் என்பார்.

நினைத்த நேரம் சொல்ல மாட்டார். நவம்பர் முதலாம் தேதி தொடங்கி ஏப்ரல் முடியுமட்டும்தான் கதைக்காலம்.

"கோடையில அவங்கள் காட்டுக்குள்ள நிக்கிறாங்கள், மிசிஸ். ஆள் இல்லாத நேரம் ஆளைப் பற்றிக் கதைக்கிறது அழகில்லை. குளிருக்கு வீட்டுக்கு வருவாங்கள். அப்ப முகத்துக்கு நேர சொல்லலாம்."

பகலிலும் சொல்லக்கூடாதாம். ஆனால் நாங்கள் வேலை செய்தது பகலில். இதை ஒரு தடவை கேட்டேன். அவர் சுவரைச் சுற்றிப் பார்த்தார். "இஞ்சை எங்கை பகல்?" என்றார்.

மத்தியானத் தேத்தண்ணீருக்கு இருபது நிமிடம் உருளையை நிறுத்துவார்கள். மடிப்பு மேசையைச் சுற்றி நாங்கள் இருப்போம். அவர் நின்றுகொண்டே சொல்வார். எனக்கு மொழிபெயர்ப்பதற்குச் செல்வராணி இருந்தாள். கோலியர்ஸ் வுட்டில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவள். ஊரில் வங்கியில் இருந்தவள், இங்கே தலையணை உறை மடித்தாள். அவள் மொழிபெயர்ப்பதை அவர் கைக்கடிகாரத்தில் பார்ப்பார்.

"நான் எட்டு நிமிசம் சொன்னன். நீ ரெண்டு நிமிசம் சொன்னாய். மிச்சம் ஆறு நிமிசம் எங்கை?"

"அன்ரி, இந்த மனிசன் ஒரு மான் ஓடினதைப் பத்து விதமாச் சொல்லுறார்," என்று செல்வராணி என்னிடம் முறைப்பட்டாள். "மான் ஓடினது எண்டு சொன்னால் உங்களுக்கு விளங்காதோ?"

எனக்கு விளங்கும். அவருக்குத்தான் ஆகாது. மான் பத்து விதமாக ஓடினால் பத்து விதமும் எனக்கு வந்து சேர வேண்டும். செல்வராணி பெருமூச்சு விட்டு, மானை மறுபடி முதலிலிருந்து ஓட வைப்பாள்.

அதுதான் அவர். ஒரு சொல் கூட்ட மாட்டார், ஒரு சொல் குறைக்க மாட்டார். இடையில் யாராவது பேசினால் கதையை முதற் சொல்லிலிருந்து தொடங்குவார். எங்கள் சுப்பர்வைசர் நல்ல மனிதர். ஆனால் கதவைத் திறந்து "ஒபரேசன் பச்சை உடுப்பு எத்தனை மூடை?" என்று கேட்கும் பழக்கம் இருந்தது. இவர் "ஆறு" என்பார். கதவு சாத்தும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு "மிகப் பழைய காலத்தில்" என்று தொடங்குவார். ஒரு பன்றி வேட்டை டிசம்பர் தொடக்கத்தில் புறப்பட்டுப் புதுவருடம் கழிந்துதான் பன்றியிடம் போய்ச் சேர்ந்தது.

உருளைக்கு விரிப்பு விடுபவள் பேர்ள் என்ற ஜமேக்காக்காரி. அந்தப் படையில் ஒரு வேட்டைநாய் இருந்தது. ஒரு கதையில் அது செத்துப்போகும். பேர்ளுக்கு அந்த நாயில் பாசம்.

"இந்த வருசமாவது அந்த நாயை விடன்," என்று கேட்பாள்.

"போன வருசமும் செத்தது," என்பார் அவர்.

"போன வருசம் செத்தது காணாதோ? உனக்கு என்ன செலவு? ஒரு சொல்லு."

"நாயை நான் கொல்லேல்லை, பேர்ள். நான் வரமுதலே அது செத்திட்டுது."

நாய் செத்தது. பேர்ள் இரண்டு நாள் அவருக்குப் பிஸ்கட் கொடுக்கவில்லை. அடுத்த வருடமும் கேட்டாள். அடுத்த வருடமும் நாய் செத்தது.

நகரத்தில் எங்காவது குண்டு வெடித்த செய்தி வந்தால், மேலே கன்ரீனில் அவருக்குப் பக்கத்துக் கதிரைகள் காலியாகிவிடும். அந்த நாளில் லண்டனில் குண்டு வைத்தது அயர்லாந்துக்காரர். அவருடைய பேச்சைக் கேட்டாலே எந்த நாடு என்று தெரியுமே. நானும் செல்வராணியும் போய் அந்தக் கதிரைகளில் இருப்போம். எங்களுக்கு இடம் கிடைப்பது அப்போதுதான். அவர் உப்பை எங்கள் பக்கம் தள்ளிவைப்பார்.

முதல் குளிர்காலம் முடிந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஏப்ரல் மாதத்துக் கடைசி வேலை நாள். ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு ஒரே கதைதான், படையின் கடைசிச் சண்டை. அதைச் சொல்லித்தான் குளிர்காலத்தை மூட வேண்டும் என்பார், கடையை மூடுவதுபோல. செல்வராணி அன்று காய்ச்சலென்று வரவில்லை. எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. ஆனால் கதையின் முடிவில் அவர் விரல் முட்டியை மடித்து மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு பெயர் சொன்னார். மறுபடி ஒரு தட்டு, ஒரு பெயர். நான் செய்வதற்கு வேறொன்றும் இல்லாதபடியால் பெருவிரலால் விரல் வரைகளைத் தொட்டு எண்ணினேன். ஒரு கையின் பன்னிரண்டு வரையும் முடிந்து மற்றக் கையில் ஐந்து. பதினேழு. பேர்ள் ஏப்ரனால் முகத்தைத் துடைத்தாள்.

அடுத்த நாள் செல்வராணியைக் கேட்டுவரச் சொன்னேன்.

"எல்லாரும் செத்திட்டினமாம் அன்ரி. ஒவ்வொரு தட்டும் ஒராள்."

"பாவம்," என்றேன். அப்போது அது எனக்குக் கதை.

என் மகனை நான் ஊரில் தங்கையோடு விட்டு வந்திருந்தேன். சோதனை எடுத்து முடிக்கட்டும், பிறகு கூப்பிடுவோம் என்று. மெலிந்த பிள்ளை. நன்றாக ஓடுவான். பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டியில் அவனுக்குக் கிடைத்த கோப்பைகளில்தான் தங்கை வீட்டில் கடுகும் சீரகமும் இருந்தது.

இரண்டாவது குளிர்காலம், தைப்பொங்கல் கழிந்து தங்கையின் கடிதம் வந்தது. எழுத்துக்கூட்டி நானே வாசித்தேன். பிள்ளை இயக்கத்துக்குப் போய்விட்டான். சைக்கிளை வேலியில் சாத்தி, பூட்டி, திறப்பை முற்றத்துப் பூச்சட்டிக்குக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். திறப்பை வைத்ததை எழுதியவள் எந்த நாள் போனான் என்று எழுதவில்லை.

நான் கடிதத்தை மடித்து அரிசி வாளிக்குள் வைத்தேன். அடுத்த நாள் வேலைக்குப் போனேன். செல்வராணி கேட்டாள், ஊரிலிருந்து கடிதம் வந்ததோ என்று.

"ஓம். மகன் சென்னைக்குப் போட்டான். எஞ்சினியரிங் படிக்க."

யாரும் என்னைப் பார்த்து ஐயோ என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. அதுதான் காரணம். வேறில்லை.

அந்தக் கிழமையே அவர் படையில் ஆள் சேர்க்கும் கதையைச் சொன்னார். முதல் வருடம் கேட்டு நான் சிரித்த கதை. படையில் சேர்வது லேசில்லை. இடுப்பளவு குழியில் பொடியனை நிற்கவைத்து ஒன்பது பேர் ஈட்டி எறிவார்கள். அவனிடம் ஒரு கேடயமும் ஒரு தடியும்தான் இருக்கும். ஒரு கீறல் பட்டாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு தலைமயிரைப் பின்னிவிட்டுக் காட்டுக்குள் ஓடவிட்டு, ஆயுதங்களோடு துரத்துவார்கள். பின்னல் அவிழக்கூடாது. காலுக்குக் கீழே ஒரு சுள்ளி முறியக்கூடாது. நெற்றி உயரக் கொப்பைப் பாய்ந்தும் முழங்கால் உயரக் கொப்பைக் குனிந்தும் கடக்க வேண்டும். காலில் முள் குத்தினால் ஓட்டம் குறையாமல் பிடுங்க வேண்டும். எல்லாரிலும் இளையவன் ஒருவன் அப்படி ஓடிச் சேர்ந்தான். அவனுடைய பெயரும் என் நாக்குக்கு வராது. நான் அவனைப் பின்னல்காரன் என்று வைத்திருந்தேன்.

ஓட்டம் முடிந்தது. அவர் நிபந்தனைகளைச் சொன்னார். செல்வராணி திருப்பிச் சொன்னாள்.

"சேர்ந்தவன் செத்தால், அவன்ரை சொந்தம் வந்து ஏனெண்டு கேக்கக்கூடாதாம். சொந்தத்துக்கு ஒண்டு நடந்தால் அவனும் போகக்கூடாதாம். அதுக்கு வீட்டுக்காரர் முதலே சம்மதம் குடுக்கவேணுமாம், அன்ரி."

முதல் வருடமும் இதைச் சொல்லித்தான் இருப்பார். நான் பின்னலை நினைத்துச் சிரித்துக்கொண்டு இருந்திருப்பேன்.

"அந்தப் பொடியன்ரை தாய் என்ன சொன்னவவாம்?" என்று கேட்டேன்.

செல்வராணி பயந்துவிட்டாள். கதையின் நடுவில் பேசிவிட்டேனே. முள்ளிலிருந்தும் ஈட்டியிலிருந்தும் எல்லாம் மறுபடி தொடங்கப்போகிறது. ஆனாலும் கேட்டுச் சொன்னாள்.

அவர் யோசித்தார். "கதையில தாய் இல்லை, மிசிஸ்."

"தாய் இல்லாமல் எப்பிடி வந்தவன்?"

பேர்ள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், விரிப்பின் எதிர்மூலையில் நின்று பார்ப்பதுபோல. பிறகு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். முதலிலிருந்து தொடங்கவில்லை. அவர் அப்படிச் செய்ததை நாங்கள் ஒருவரும் முன்பு கண்டதில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சென்னை எஞ்சினியரிங்கை அவர் நம்பவில்லை. ஆனால் அன்றைக்கும் சரி, பிறகும் சரி, ஒரு கேள்வி கேட்டாரில்லை.

ஏப்ரல் கடைசி வந்தது. விரிப்பு மடித்துக்கொண்டிருந்தோம். அதற்குள் எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வந்திருந்தது. போதாததைக் கையால் சொன்னேன்.

"மிஸ்டர், இண்டைக்கு அந்தக் கதை வேண்டாம்."

"எந்தக் கதை?"

நான் விரல் முட்டியால் காற்றில் தட்டிக் காட்டினேன்.

"அதைச் சொல்லாட்டில் குளிர்காலம் மூடாது."

"மூடாட்டில் என்ன நடக்கும்?"

அப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மூலைகளை என் கையில் கொடுத்துவிட்டு நின்று யோசித்தார்.

"அவங்கள் சாக மாட்டாங்கள். காட்டுக்குள்ளேயே நிப்பாங்கள்."

"நிக்கட்டும்," என்றேன்.

அது மடத்தனம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அயர்லாந்துக் காட்டில் எப்போதோ நடந்த சண்டைக்கும் என் பிள்ளைக்கும் என்ன? ஆனால் அந்தத் தட்டைக் கேட்க என்னால் ஏலாது. பதினேழாவது தட்டு விழுந்தால் என் பிள்ளையும் விழுந்துவிடுவான் என்று நெஞ்சுக்குள் ஒன்று பிடித்துக்கொண்டது. பிடித்தது விடவில்லை.

தேத்தண்ணீர் நேரம் எல்லாரும் வந்து இருந்தார்கள். பேர்ள் ஏப்ரனைத் தயாராகக் கையில் வைத்திருந்தாள். அவர் எழும்பி நின்றார்.

"இந்த வருசம் இல்லை," என்றார். இருந்துவிட்டார்.

அடுத்த நாள் மே மாதம். அவர் கம்பளிக் கழுத்துத்துண்டோடு வேலைக்கு வந்தார். சாம்பல் நிறம், நல்ல தடிப்பு. கோடையில் எங்கள் லோண்டரி எப்படி இருக்கும் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஜூலையில் நாங்கள் சட்டைக்குள் ஐஸ்கட்டி போட்டுக்கொண்டு வேலை செய்தோம். அவர் கழுத்துத்துண்டைக் கழற்றவில்லை. உருளைக்குள் இழுபட்டுப்போகும் என்று சுப்பர்வைசர் ஏசினார். நுனிகளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

"சுகமில்லையோ?" என்று கேட்டார் சுப்பர்வைசர்.

"குளிர்காலம் இன்னும் மூடேல்லை, சேர்," என்றார். வியர்வை மூக்கு நுனியால் விழுந்தது.

அந்த நவம்பரில் கதைகள் வழக்கம்போலத் தொடங்கின. ஏப்ரல் முடிவில் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், வேண்டாம் என்று. கழுத்துத்துண்டு தொடர்ந்தது. அப்படி எட்டுக் கோடை. பேர்ள் அவரை வைத்தியரிடம் போகச் சொன்னாள். செல்வராணி அது அவர்களுடைய சமயம் என்று புதிதாக வந்தவர்களுக்கு விளக்கம் கொடுத்தாள். ஒரு ஒகஸ்ட் மாதம் அவர் தலைசுற்றி மூடைகளுக்கு மேல் விழுந்தார். தண்ணீர் தெளித்தோம். பேர்ள் கழுத்துத்துண்டில் கை வைத்தாள். கண்ணைத் திறக்காமலே அதைப் பிடித்துக்கொண்டார்.

நான் அவருக்கு "தாங்க் யூ" சொல்லவில்லை. சொன்னால் எதற்கென்று சொல்ல வேண்டி வருமே. வெள்ளிக்கிழமைகளில் உழுந்து வடை கொண்டுபோய் அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

செல்வராணி மாதம் ஒருக்கால் கேட்பாள், மகன் என்ன மாதிரி என்று.

"நல்லாப் படிக்கிறான்."

"என்ன அன்ரி எஞ்சினியரிங் இது, முடியுதில்லை?"

"பெரிய எஞ்சினியரிங்."

"பாலம் கட்டுறதோ?"

"எல்லாம் கட்டுறது."

தொண்ணூறில் ஒரு துண்டுக் கடிதம் வந்தது, யாரோ கொண்டுவந்து யாரிடமோ கொடுத்து. "அம்மா, நான் சுகம். காலுக்கு எண்ணெய் பூசுங்கோ." அவனுடைய எழுத்துத்தான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கண்டதாகச் சொன்னவர்களும் இருந்தார்கள், காணவில்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஊர் சொன்னார்கள். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். ஏப்ரல் வரும்போது தலையாட்டினேன். பேர்ளின் நாய் வருடா வருடம் செத்தது. படை மட்டும் சாகவில்லை.

தொண்ணூற்றைந்தில் லோண்டரியை மூடுவதென்று முடிவெடுத்தார்கள். இனி வெளியாட்கள் எடுத்துக்கொண்டுபோய்த் தோய்ப்பார்களாம். எங்களுக்கு ஏப்ரல் முடிவோடு சரி. கடைசி நாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே உருளையை நிறுத்திவிட்டார்கள். அது சூடாறும்போது முறிமுறியென்று சத்தம் போட்டது. கடைசி விரிப்பை அவரும் நானும் பிடித்தோம்.

"நான் திங்கக்கிழமை ஊருக்குப் போறன், மிசிஸ். தங்கச்சி வீட்டில ஒரு அறை இருக்கு."

"நல்லது."

"குளிர்காலத்தைத் திறந்து விட்டிட்டுப் போக மனமில்லை. ஆனால் நீங்கள் வேண்டாமெண்டால் இப்பிடியே போவன்."

நான் என் மூலைகளை இழுத்துப் பிடித்தேன். கிட்ட வந்து கொடுத்தார், விலகினார். மறுபடி வந்து கொடுத்தார். விரிப்பு பாதியாகி, காலாகி, ஒரு புத்தகமளவுக்கு வந்துவிட்டது. இனி மடிக்க இடமில்லை. அவருடைய கழுத்தைப் பார்த்தேன். எட்டு வருடம் கம்பளி உரசிச் சிவந்து தடித்துப் போயிருந்தது. அந்த ஒரு இடம்தான் கிழவனாகத் தெரிந்தது. அந்தக் கழுத்துத்துண்டோடு அங்கே போய் இருந்தால், அவருடைய தங்கை கேட்பாள், அயலட்டை கேட்கும். இந்த மனிதர் ஒன்றும் சொல்ல மாட்டார். கழற்றவும் மாட்டார். சாகும்வரை போட்டுக்கொண்டு இருப்பார்.

தட்டு விழுந்தால் என்ன ஆகும் என்றும் நினைத்தேன். நினைத்துத்தான் சொன்னேன்.

"சொல்லுங்கோ."

மேசையைச் சுற்றி இருந்தோம். அவர் நின்று தொடங்கினார். இப்போது எனக்குச் செல்வராணி தேவையில்லை. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. விளங்காமலே கேட்டது நல்லது போல இருந்தது. படை இரண்டுபட்டது. அரசன் அவர்களை வெறுத்தான். காலையில் சண்டை தொடங்கியது. மத்தியானம் ஆறு சிவந்தது. நடுவில் கதவு திறந்தது. சுப்பர்வைசர் திறப்புக் கோர்வையோடு நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. திறப்புகள் சத்தம் போடாமல் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

தட்டுத் தொடங்கியது.

பத்துக் குளிர்காலம் கேட்ட பெயர்கள். ஒவ்வொருவனையும் எனக்குத் தெரியும். யார் பாட்டுக் கட்டுவான், யார் அதிகம் சாப்பிடுவான், யார் கோபக்காரன். ஒரு தட்டு, ஒரு பெயர். பெருவிரலால் வரைகளைத் தொட்டேன். ஒரு கை முடிந்தது. மற்றக் கையில் ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. பேர்ள் முகத்தை மூடிவிட்டாள். செல்வராணி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பெருவிரல் ஐந்தாவது வரைக்குமேல் நின்றது.

அவர் விரல் முட்டியை உயர்த்தினார். உயர்த்தியபடி வைத்திருந்தார். பிறகு விரல்களை விரித்து, உள்ளங்கையைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தார்.

"அதோட அந்தப் படை முடிஞ்சுது," என்றார்.

பின்னல்காரனுடைய பெயர் வரவில்லை.

பேர்ள் மூக்கைச் சிந்தினாள். "எல்லாரும் போச்சு. நாயும் போச்சு," என்றாள். சுப்பர்வைசர் இருமினார். அவர் கழுத்துத்துண்டைக் கழற்றி, நான்கு மூலையும் பார்த்து மடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனேன்.

"பதினாறு," என்றேன்.

"அப்பிடியோ?"

"முதல் வருசம் பதினேழு."

அவர் மடித்ததை இன்னொரு மடிப்பு மடித்தார். "வயசு போச்சு, மிசிஸ். மறந்திருப்பன்."

பன்றி வேட்டையை ஒன்பது தடவை முதலிலிருந்து தொடங்கிய மனிதர். ஒரு மானின் பத்து ஓட்டத்தில் ஒன்று குறைந்தால் செல்வராணியை விடாத மனிதர். மறந்தேன் என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"தாங்க் யூ," என்றேன்.

"வடைக்கு நான்தான் சொல்லவேணும்," என்றார். கழுத்துத்துண்டைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வெறுங்கழுத்தோடு படியேறிப் போனார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை.

நானும் செல்வராணியும் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். அவள் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒருத்தனையும் மிச்சம் விடேல்லைப் பாருங்கோ அன்ரி."

"எண்ணினியோ?"

"செத்தவையை ஆர் எண்ணுறது?"

நான் வீதியைப் பார்த்தேன். "என்ரை மகன் சென்னையில இல்லை, பிள்ளை."

"தெரியும், அன்ரி."

"எப்ப துவக்கம்?"

"எஞ்சினியரிங் அஞ்சாம் வருசம் துவக்கம்."

"பிறகேன் மாசாமாசம் கேட்டனி?"

"நான் கேக்காட்டில் நீங்கள் அவனைப் பற்றி ஆரோட கதைப்பியள்?"

பஸ் சந்தியால் திரும்புவது தெரிந்தது. செல்வராணி என்னுடைய பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டாள்.

"இப்ப எங்கை அன்ரி அவன்?"

"தெரியாது," என்றேன். "பதினாறுக்குள்ள இல்லை."